பாட்டியின் கோபம்

படம் போட்டுக் கதை சொல்லும் புத்தகங்களிடம் எனக்கு வெகுநாளாக ஒரு அலட்சியம் உண்டு. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் வைத்திருந்தால் வாங்கிப் புரட்டுவேன். இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். ஆகவே, நாவல் படிப்பதில் என்னைவிட ருசி உள்ள ஒரு நண்பர், கறுப்பும் வெள்ளையுமாகச் சித்திரங்கள் நிறைந்த ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, “இதைப் படித்துவிட்டு அப்புறம் பேசும்” என்று சொன்னபோது, எனக்குச் சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. என் வயசுக்கும் தொழிலுக்கும் இது ஒரு பரிகாசமோ என்றுகூட நினைத்தேன்.

அன்று இரவு ஒன்றரை மணிக்குப் புத்தகத்தை மூடினேன். மறுநாள் மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை முழுவதும் படிக்கவில்லை. ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் நாலைந்து தரம் படித்தேன். அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

புத்தகத்தின் பெயர் ‘பெர்ஸபோலிஸ்’. எழுதியவர், வரைந்தவர் இரண்டும் மர்ஜான் சத்ரபி என்ற ஈரானியப் பெண்மணி. 1969-ல் பிறந்தவர், தெஹ்ரான் நகரத்தில் வளர்ந்தவர். பிற்பாடு பிரான்ஸில் குடியேறி, பிரெஞ்சு மொழியில் தம் இளமைப் பருவத்தின் கதையை 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். பெர்ஸபோலிஸ் என்பது பழைய பாரசீகப் பேரரசின் சடங்குத் தலைநகருக்குக் கிரேக்கர் வைத்த பெயர். கி.மு. 330-ல் அலெக்ஸாண்டர் அங்கே தீ வைத்தான். 1971-ல், ஈரானில் முடியாட்சி தோன்றி 2500 வருஷம் ஆயிற்று என்று சொல்லி, அதே இடிபாடுகளின் பக்கத்தில் கூடாரங்கள் அடித்து, உலகத்து ராஜாக்களையும் ஜனாதிபதிகளையும் அழைத்து ஷா விருந்து வைத்தார். எட்டு வருஷத்துக்குள் அவர் நாட்டைவிட்டே ஓடிப்போனார். ஒரு குடும்பக் கதைக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததில் கொஞ்சம் குறும்பு இருக்கிறது.

முதல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் புகைப்படம். 1980-ம் வருஷம். பத்து வயதுப் பெண் குழந்தைகள் வரிசையாக முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மர்ஜி அந்த வரிசையின் ஓரத்தில் இருந்ததால் படத்துக்குள் விழவில்லை. உடை ஒன்று, முகபாவம் ஒன்று; அந்த வரிசையில் நம் கதாநாயகி இல்லை. ஆரம்பத்திலேயே ஆசிரியை நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். ஆனால் இந்த முதல் பக்கத்தினால் புத்தகத்துக்கு ஒரு தீங்கும் நேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. முக்காட்டைப் பற்றிய புத்தகம் என்று இதை எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். முக்காடு ஒரு பகுதிதான். அதே தேசத்தில் 1936-ல், இந்த ஷாவின் தகப்பனார் முக்காடு போடவே கூடாது என்று உத்தரவிட்டு, அதைப் போலீஸ்காரர்களைக் கொண்டு அமல் நடத்தினார். தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடித்து இழுத்த காலமும் உண்டு. தலையில் துணி இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போன காலமும் உண்டு. துணி என்ன செய்யும், பாவம்! மர்ஜியின் பள்ளித் தோழிகள் அதை முறுக்கிக் கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று.

சத்ரபி எழுதியிருப்பது வேறு விஷயத்தைப் பற்றி. நல்ல குடும்பத்தில் பிறந்து, நல்லவர்களால் வளர்க்கப்பட்ட ஒரு பெண், எப்படி அடியடியாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் இந்தக் கதை.

ஆறு வயதில் மர்ஜிக்குத் தான் ஒரு தீர்க்கதரிசியாக வேண்டும் என்று ஆசை. பாட்டிக்கு முழங்கால் வலி வரக்கூடாது, வேலைக்காரியும் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றெல்லாம் சட்டம் செய்து வைத்திருக்கிறாள். இரவில் கடவுள் அவள் அறைக்கு வந்து பேசுகிறார். வெள்ளைத் தாடிவைத்த பெரியவர். பார்ப்பதற்குக் கார்ல் மார்க்ஸ் மாதிரியே இருக்கிறார், மார்க்ஸுக்கு மட்டும் தலைமயிர் இன்னும் கொஞ்சம் சுருள். வீட்டிலோ பக்தி கிடையாது. தகப்பனாரும் தாயாரும் இடதுசாரிகள், ஷாவுக்கு எதிராக ஊர்வலம் போகிறவர்கள். சமயத்தில் ஈடுபாடு உள்ள ஒரே ஜீவன் அந்த வீட்டில் இந்தக் குழந்தைதான். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சமயத்தின் பேரால் ஓர் அரசாங்கம் ஏற்படுகிறபோது, முதலில் களவு போவது இந்தக் குழந்தையின் கடவுள். தகப்பனாரின் சகோதரர் அனூஷ், ஷாவின் சிறையில் ஒன்பது வருஷம் கிடந்துவிட்டு வந்தவர், புதிய ஆட்சியில் மறுபடியும் கைதாகிறார். அவரைப் பார்க்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் மர்ஜியைக் கேட்கிறார். சிறையில் ரொட்டியைப் பிசைந்து செய்த ஓர் அன்னப் பறவையை அவள் கையில் கொடுக்கிறார். பிறகு அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அன்று இரவு வந்த கடவுளை, வெளியே போ என்று குழந்தை விரட்டிவிடுகிறாள்.

இவ்வளவு மட்டும் இருந்திருந்தால் நல்ல உருக்கமான புத்தகம் என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருப்பேன். கலக காலத்தில் வளரும் குழந்தையைப் பற்றி எழுத உட்காரும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு சௌகரியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. குழந்தையை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிடலாம். அது பார்க்கும், பயப்படும், அழும். ஒன்றும் செய்யாது. செய்கிறவர்கள் எல்லாம் தெருவில் இருப்பார்கள். அந்தக் குழந்தையின் கண்வழியாகப் பார்க்கிற நாமும் கையில் ரத்தம் படாமல் ஜன்னலருகே உட்கார்ந்து கண்ணீர் விடலாம். நான் இதைக் குறையாகச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கலவரத்தைப் பற்றி நான் எழுதிய நாவலில் அப்படி ஒரு பையன் வருகிறான். வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். அவன் ஜன்னலைவிட்டு இறங்கவே இல்லை.

சத்ரபி தம் குழந்தையை ஜன்னலில் உட்கார வைக்கவில்லை. ஷாவின் உளவுப்படையான ஸவாக்கில் ரமீன் என்ற பையனின் தகப்பன் வேலை பார்த்தான் என்று தெரிந்ததும், மர்ஜியும் கூட்டாளிகளும் விரலிடுக்கில் ஆணிகளைச் செருகிக்கொண்டு அந்தப் பையனைத் துரத்தக் கிளம்புகிறார்கள். யோசனை மர்ஜியுடையது. தாயார் பார்த்துத் தடுத்திராவிட்டால் காரியம் நடந்திருக்கும். சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்கள் தாங்கள் பட்ட சித்திரவதையைப் பெரியவர்களிடம் விவரிக்கிறார்கள். கூடத்தில் குழந்தை இருப்பது யாருக்கும் நினைவில்லை. அடுத்த நாளே குழந்தைகள் தோட்டத்தில் சித்திரவதை விளையாட்டு விளையாடுகிறார்கள். கண்ணாடியின் முன்னால் நின்று தனக்குள் ஏதோ ஒரு பிசாசுச் சக்தி வந்துவிட்ட மாதிரி மர்ஜி ஒரு நிமிஷம் சந்தோஷப்படுகிறாள். பிறகு அம்மாவின் மடியில் விழுந்து அழுகிறாள். தோழியின் தகப்பனார் சிறையிலிருந்து வந்த வீரர், தன் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லையே என்று பொறாமைப்படுகிறாள். அனூஷ் வந்ததும், அப்பாடா, நமக்கும் ஒருவர் கிடைத்தார் என்று ஆறுதல் கொள்கிறாள். குழந்தை மனசு உண்மையில் இப்படித்தான் இருக்கும். நாம் எழுதுவதில்லை.

இனிப் பொய்யின் கதைக்கு வருகிறேன். புதிய ஆட்சி வந்ததும், யார் கேட்டாலும் நாள் தவறாமல் தொழுகிறேன் என்று சொல்லிவிடு என்று பெற்றோர் சொல்லிக் கொடுக்கிறார்கள். சத்தியம் பேச வேண்டும் என்று சொல்லி வளர்த்த அதே பெற்றோர். குழந்தைக்கு முதலில் கஷ்டமாக இருக்கிறது. நாலு நாளில் பழகிப்போகிறது. ஐந்து வேளை தொழுகிறேன் என்று இவள் பெருமை அடிக்க, நான் பத்துப் பதினோரு தடவை என்று இன்னொரு குழந்தை அளக்கிறது! சிரிக்காமல் படிக்க முடியாது. சிரித்துவிட்டு யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஓர் அரசாங்கம் பக்தியைக் கட்டாயமாக்கினால் பக்தி வளருவதில்லை, பக்தியைப் பற்றிய புளுகு வளருகிறது. அந்தப் புளுகிலே குழந்தைகள் போட்டி போடுகிறார்கள். 1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்து, எட்டு வருஷம் நீடித்த யுத்தம் ஆரம்பமானதும் கண்காணிப்பு இன்னும் இறுகுகிறது. தெருவில் காவல்படைப் பெண்கள் பிடித்துக்கொள்ளும்போது, மார்பிலே குத்தியிருப்பது மைக்கேல் ஜாக்ஸன் படம் அல்ல, அமெரிக்கக் கறுப்பு முஸ்லிம்களின் தலைவர் மால்கம் எக்ஸ் படம் என்று சாதிக்கிறாள். அந்தக் காலத்தில் மைக்கேல் ஜாக்ஸன் கறுப்பாகத்தான் இருந்தார் என்று ஆசிரியை ஓரத்தில் ஒரு கண் சிமிட்டுகிறார்.

பாட்டியும் பொய் சொல்கிறாள். ஒரு விருந்து முடிந்து காரில் திரும்பும்போது காவலர்கள் நிறுத்தி, மர்ஜியின் தகப்பனாரின் வாயில் மது வாடை அடிக்கிறது என்று பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டைச் சோதனை போடப் பின்னோடு வருகிறார்கள். வாசலில் இறங்கியதும் பாட்டி, தனக்கு நீரிழிவு, உடனே சர்க்கரைப் பாகு குடிக்காவிட்டால் மயக்கம் வந்துவிடும் என்று தள்ளாடுகிறாள். பேத்தியை இழுத்துக்கொண்டு மாடி ஏறிப்போய், இருக்கிற மதுவை எல்லாம் கக்கூஸில் கொட்டுகிறாள். கீழே வந்தால், காவலன் கையூட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்! இவ்வளவும் கொட்டியதுதான் மிச்சம். நல்ல ஹாஸ்யக் காட்சி. ஆனால் பாட்டியின் இந்தப் பொய்யை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மர்ஜி உண்மை பேசுவதும் உண்டு. அதன் பலன் என்ன ஆகிறது? இஸ்லாமியக் குடியரசில் அரசியல் கைதிகளே இல்லை என்று வகுப்பில் ஆசிரியை சொல்கிறபோது, இவள் எழுந்து நின்று, என் உறவினர் ஒருவரை நீங்கள்தானே கொன்றீர்கள் என்று கேட்டுவிடுகிறாள். வகுப்பு கைதட்டுகிறது. தகப்பனாருக்கு உள்ளூரப் பெருமை. தாயாரோ நடுங்கிப் போகிறாள். இப்படிப் பேசிய இளம்பெண்கள் சிறையில் என்ன ஆனார்கள் என்பதை மகளிடம் விவரமாகவே சொல்கிறாள். அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. 1984-ல், பதினாலு வயதில், தன்னந்தனியாக மர்ஜியை வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உண்மை சொன்ன குழந்தைக்கு அந்தத் தேசத்தில் இடம் இல்லை என்று பெற்றோரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. புறப்படுவதற்கு முந்தின இரவு பாட்டி வந்து பேத்தியோடு படுத்துக்கொள்கிறாள். அவள் உடம்பில் எப்போதும் மல்லிகை வாசனை. காலையில் பறித்த மல்லிகைப் பூக்களை மார்க்கச்சுக்குள் வைத்துக்கொள்வாளாம். இரவு உடை மாற்றும்போது அவை உதிரும். போகிற இடத்தில் முட்டாள்கள் நோகடித்தாலும் மனசில் கசப்பு வைத்துக்கொள்ளாதே, உனக்கு நீ உண்மையாக இரு என்று அவள் சொல்லி அனுப்புகிறாள்.

வியன்னாப் பகுதி அவ்வளவு சிறப்பாக இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒருவரும் மனசில் நிற்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பொய் இருக்கிறது. ஒரு விருந்தில், எந்த ஊர் என்று கேட்டவனிடம், பிரெஞ்சுக்காரி என்று சொல்லிவிடுகிறாள். தெஹ்ரானில் சொன்ன பொய்களுக்குக் காவலர்கள் காரணம். இங்கே காவலர் யாரும் இல்லை. பயம் போய் வெட்கம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பின்னர், ஒரு சிற்றுண்டிச்சாலையில் சில பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு, நான் ஈரானியப் பெண்தான், அதில் எனக்குப் பெருமைதான் என்று கத்துகிறாள். பாட்டி நினைவுக்கு வந்த சந்தர்ப்பம் அது. இருந்தும் வாழ்க்கை சரிப்படவில்லை. குளிர்காலத்தில் தெருவிலே படுத்து, நோய்வாய்ப்பட்டு, நான்கு வருஷங்களுக்குப் பிறகு, மறுபடியும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறாள்.

இப்போது நான் சொன்ன அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம்.

மர்ஜி இப்போது வளர்ந்த பெண். காதலனைச் சந்திக்கக் கடைத்தெருவுக்கு வருகிறாள். உதட்டில் சிவப்புச் சாயம். அந்த நேரம் காவல்படை வண்டி வந்து நிற்கிறது. சாயத்தைக் கண்டால் பிடித்துப் போய்விடுவார்கள். ஓட முடியாது. பக்கத்திலே படிக்கட்டில் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பான் போலும். மர்ஜி நேரே காவலர்களிடம் போகிறாள். அதோ அந்த ஆள் என்னிடம் அசிங்கமாகப் பேசினான் என்று சொல்கிறாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அவளைக் கவனிக்கக்கூட இல்லை. அவனை இழுத்துப் போகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் கதறுகிறான். உதட்டுச் சாயத்தைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. மர்ஜி தப்பித்துக்கொண்டாள்.

பிறகு காதலனும் அவளும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெருமையோடு பாட்டியிடமும் போய்ச் சொல்கிறாள். பாட்டி சிரிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேத்தியை நோக்கிக் கத்துகிறாள். வசைச் சொல்லும் வருகிறது. தாத்தா எதற்காக அத்தனை வருஷம் சிறையில் கிடந்தார், அனூஷ் எதற்காக உயிரைக் கொடுத்தான், குற்றமற்றவர்களுக்காக அல்லவா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

முதலில் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. மதுவைக் கொட்டிவிட்டு நீரிழிவு என்று நாடகம் ஆடிய பாட்டிக்குப் பொய்யைக் கண்டிக்க என்ன யோக்கியதை? மாடி ஏறிப்போய் மதுவைக் கொட்டியதும் ஒரு பாடம்தானே? இரண்டாவது தடவை படித்தபோது புரிந்தது. பாட்டி பொய்யைப் பற்றிக் கோபிக்கவே இல்லை. அவள் சொன்ன பொய்க்கு அவளே முதல் போட்டாள்: தள்ளாடியது அவள், அகப்பட்டிருந்தால் தண்டனை அவள் வீட்டுக்கு. பேத்தி சொன்ன பொய்க்கோ, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன் விலை கொடுத்தான். கொடுங்கோன்மைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்குப் பொய் ஒரு கவசம். அதை விட முடியாது. ஆனால் அந்தக் கவசத்தை இன்னொருவன் தோலை உரித்துச் செய்கிற நாள் ஒன்று வரும்; அது வந்தது பழகிய கைக்குத் தெரியாது. ஐந்து வேளை தொழுகிறேன் என்ற அறியாத பொய்க்கும் இதற்கும் நடுவே மர்ஜி எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினாள்? புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். கோடு தென்படவில்லை. பாட்டிக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது.

அந்த மனிதனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சத்ரபி எழுதவில்லை. விடுதலையானான் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யார் ஆட்சேபித்திருப்பார்கள்? அவருக்குத் தெரியாது, ஆகவே சேர்க்கவில்லை. சொந்தக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் குற்றங்களைச் சொல்லும்போது, சொல்கிற தைரியத்தையே மன்னிப்பாக மாற்றிக்கொண்டுவிடுவார்கள். இந்த ஆசிரியை அந்த வியாபாரம் செய்யவில்லை. தாம் சிரித்ததையும் வரைந்திருக்கிறார்.

பள்ளியில் படிக்கும்போது, ஆசிரியர் மேஜையில் வருகைப் பதிவுப் புத்தகத்தின்மேல் நான் மையைக் கொட்டிவிட்டேன். யார் என்று கேட்டபோது, அன்று வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனைக் கையைக் காட்டினேன். அவனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு சரியாக வராது. மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. பிரம்படி விழுந்தது. நான் மேலே சொன்ன நாவலில் அந்த மைப்புட்டி வருகிறது. ஆனால் அதில் கொட்டுகிறவன் வேறு ஒருவன். கதாநாயகப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பாட்டியின் கோபத்துக்கு முன்னும் பின்னுமாக ஆசிரியை வைத்திருக்கும் இரண்டு சம்பவங்களையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் சேருவதற்கு, சமயக் கொள்கையில் ஒரு நேர்முகப் பரீட்சை. பரீட்சிக்கிறவர் ஒரு முல்லா. தொழத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது என்கிறாள். அரபி எனக்குப் புரியாது. கடவுளோடு பேசுவதானால் எனக்குப் புரிகிற பாரசீகத்தில் பேசிக்கொள்கிறேன் என்கிறாள். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். ஆனால் அவர் தேர்வு செய்துவிடுகிறார். அத்தனை பேரில் பொய் சொல்லாதவள் இவள் ஒருத்திதானாம். பாட்டி கோபித்துக்கொண்ட பிற்பாடு, கல்லூரிக் கூட்டத்தில் பெண்களின் உடையைப் பற்றி உபதேசம் நடக்கும்போது, இவ்வளவு நீளத் துணிக்குள் இருந்துகொண்டு நாங்கள் எப்படிப் படம் வரைவது, ஆண்கள் இறுக்கிப் பிடித்த உடை போடுவதைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுந்து கேட்கிறாள். விசாரணைக்கு அழைக்கிறார்கள். அங்கேயும் அதே முல்லா. மாணவிகளுக்கு வசதியான ஓர் உடையை நீயே வரைந்து கொண்டுவா என்று சொல்லி அனுப்புகிறார். அதைக் கேள்விப்பட்டுத்தான் பாட்டி மறுபடியும் பேத்தியோடு பேசுகிறாள்.

மத ஆட்சியைக் கண்டித்து எழுதப்பட்ட ஒரு புத்தகத்தில், உண்மையை உண்மை என்று அறிந்து மரியாதை செய்கிற ஒரே அதிகாரி ஒரு முல்லா என்பது சாமானிய விஷயம் அல்ல. கட்சிக்காக எழுதுகிறவர் கையில் இந்தப் பாத்திரம் வந்தே இருக்காது. ஆனால் அவர் ஒருவரோடு நின்றுவிட்டது என்பது என் குறை. மற்றப் பக்திமான்கள் எல்லாரும் ஒரே தாடி, ஒரே புருவம், ஒரே அச்சு. நிஜமாகவே நம்பிக்கையோடு தொழுத ஒரு குடும்பம், பக்கத்து வீட்டிலாவது, இருந்திருக்காதா? முதல் பக்கத்துப் பெண்களுக்கு ஒரே முகத்தை வரைந்தது அரசாங்கத்தின்மேல் குற்றச்சாட்டு. தாடிக்காரர்களுக்கு ஒரே முகம் வரைந்தது ஆசிரியையின் சோம்பல்.

வேலைக்காரி மெஹ்ரியின் விஷயமும் அப்படித்தான். எழுதப்படிக்கத் தெரியாத அந்தப் பெண், எதிர்வீட்டுப் பையனிடம் காதல் கொள்கிறாள். மர்ஜிதான் அவளுக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். மர்ஜியின் தகப்பனார், ஏழைகளுக்காகப் புரட்சி வேண்டும் என்கிற அதே மனிதர், அந்தப் பையனைப் பார்த்து இவள் வேலைக்காரி என்ற உண்மையைச் சொல்லிக் காதலை முறித்துவிடுகிறார். வர்க்கம் விட்டு வர்க்கம் காதல் கூடாது என்று மகளுக்கும் விளக்குகிறார். குழந்தை அந்த அநியாயத்தைக் காண்கிறாள். மெஹ்ரியைக் கூட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கும் போய்விடுகிறாள். அன்று 1978 செப்டம்பர் 8. ஜாலே சதுக்கத்தில் ஷாவின் படை ஜனங்களைச் சுட்ட நாள். இரண்டு பெண்களும் உயிரோடு திரும்பி வந்து, தாயாரிடம் ஆளுக்கொரு அறை வாங்குகிறார்கள். அருமையான அத்தியாயம். ஆனால் அதற்குப் பிறகு மெஹ்ரி எங்கே போனாள்? புரட்சி அவளை என்ன செய்தது? அப்படிப்பட்ட மெஹ்ரிகளின் தம்பிகள்தானே அந்த ஆட்சிக்குத் துப்பாக்கி தூக்கினார்கள்?

தம்பிகளைப் பற்றி ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்தினால்தான் படக்கதை என்ற என் அலட்சியம் ஒழிந்தது. வீட்டில் வேலைசெய்கிற இன்னொரு அம்மாளின் பதினாலு வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கப்பூச்சு அடித்த ஒரு பிளாஸ்டிக் சாவியைக் கொடுக்கிறார்கள். யுத்தத்துக்குப் போய் இறந்தால் அது சொர்க்கத்தின் கதவைத் திறக்குமாம். அடுத்து ஒரு பக்கம்: மேலே பெரிய சதுரத்தில், கழுத்தில் சாவி தொங்க, கண்ணிவெடி வெடித்துப் பையன்கள் அந்தரத்தில் பறக்கிறார்கள், முகம் இல்லை, கறுப்பு நிழல்கள். கீழே இன்னொரு சதுரம். மர்ஜியின் முதல் பார்ட்டி. தாயார் ஓட்டை ஓட்டையாகப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரும், கழுத்தில் சங்கிலியுமாகக் குழந்தைகள் குதித்து ஆடுகிறார்கள். மேலே கைகால்கள் எப்படி விரிந்திருக்கின்றனவோ, கீழேயும் அப்படியே. வசனத்தில் இதை நான் எழுதினால் ‘அதே நேரத்தில்’ என்றோ, ‘ஆனால்’ என்றோ ஒரு வார்த்தை போட்டாக வேண்டும். போட்ட உடனே நான் யாரையோ கண்டிக்கிறவன் ஆகிவிடுவேன். சத்ரபி ஒரு கோடு கிழித்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார். கண்டனத்தை நம்மிடம் விட்டுவிட்டார். அண்டை வீட்டு யூதச் சிறுமி, அவள் தோழி, ஏவுகணை விழுந்து இறந்துபோகும் இடமும் இப்படித்தான். இடிபாட்டில் ஒரு நீலக்கல் வளையல் தெரிகிறது. அதற்கப்புறம் ஒரு சதுரம் முழுக்கக் கறுப்பு. எழுத்தாளன் அந்த இடத்தில் என்ன செய்வான்? ‘சொல்ல வார்த்தை இல்லை’ என்று மூன்று வார்த்தையில் எழுதுவான்.

2007-ல் இது திரைப்படமாக வந்து கான் நகர விழாவில் பரிசு பெற்றது. ஈரானிய அரசின் சினிமா ஸ்தாபனம் ஆட்சேபம் தெரிவித்தது. 2013-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பள்ளி நிர்வாகம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று வகுப்புகளிலிருந்து இதை எடுக்கச் சொல்லி, பிள்ளைகள் கொடி பிடித்த வேடிக்கையும் நடந்தது. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. படம் நன்றாக இருக்கிறது. புத்தகத்தைப் படித்தவர்கள் பார்க்கலாம், படிக்காதவர்கள் முதலில் படிக்கட்டும்.

மர்ஜி 1994 செப்டம்பரில் இரண்டாவது தடவையாக, இந்தமுறை திரும்புவதில்லை என்ற தீர்மானத்தோடு, ஈரானைவிட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு பாட்டியை ஒரே ஒருமுறை, 1995 மார்ச்சில், பாரசீகப் புத்தாண்டுக்கு வந்தபோது பார்க்கிறாள். 1996 ஜனவரி 4-ந் தேதி பாட்டி இறந்துபோகிறாள். அந்தத் தேதியைக் குறித்துவிட்டுத்தான் ஆசிரியை புத்தகத்தை முடிக்கிறார்.

நண்பரிடம் புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் நாவலின் அடுத்த பதிப்புக்குத் திருத்தங்கள் உண்டா என்று பதிப்பாளர் கேட்டு எழுதியிருக்கிறார். மைப்புட்டி வருகிற அத்தியாயத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.